உப்புத் திட்டு

சினிமாக்காரங்க கேரவன்னு சொல்ற வண்டியை ரோட்டில் பார்த்திருப்பீர்கள். உள்ளே கட்டில், கக்கூஸ், ஏசி எல்லாம் இருக்கும். செம்பரம்பாக்கத்து ஈவிபி ஃபிலிம் சிட்டியில் ஷூட்டிங் முடிந்து திரும்புகிற கேரவன் சிலது எங்கள் ஷெட்டுக்கு வாட்டர் வாஷுக்கு வரும். ஒரகடம் ரோட்டோரம் இருக்கிற ஷெட். மற்ற நாளில் கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற பஸ், லாரி. பதினொரு வருஷமாக அங்கே கழுவுகிறேன். கழுவுகிற ஆறு பேரும் சேரி ஆட்கள். கல்லாவில் உட்கார்கிறவர்களில் ஒருத்தர்கூட சேரி இல்லை. தானா அப்படி அமைஞ்சிடுச்சாம்.

கேரவன் கழுவுவதில் பெரிய பாடு அழுக்கு இல்லை, தண்ணிதான். போர் தண்ணி உப்புத் தண்ணி. வெயிலில் தண்ணி ஆவியாகிப் போகும். அதில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் போகாது. சொட்டு நின்ற இடத்தில் வெள்ளைத் திட்டாக உட்கார்ந்துகொள்ளும். அதனால் தகடு சூடாக இருக்கும்போது கைவைக்கக் கூடாது. நிழலில் விட்டு, கூரையிலிருந்து கீழே, ஒரு பக்கம் முடித்துத்தான் அடுத்த பக்கம். ஷாம்பு நுரையைக் காயவிடக் கூடாது. கடைசியில் பிரஷர் கன்னைக் கழற்றிவிட்டு வெறும் டியூபால் தண்ணியை வழியவிட்டால், சொட்டாக நிற்காமல் ஒரே பாளமாக இறங்கும். அந்தக் கடைசித் தண்ணி ஆர்.ஓ. தண்ணி. துடைத்த பிறகும் கூரை ஏசியிலிருந்தும் ஜன்னல் ரப்பரிலிருந்தும் அரைமணி நேரம் ஒழுகும். துணியோடு காத்திருக்க வேண்டும். பழைய திட்டென்றால் வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணி கலந்து துடைத்து, உடனே அலசிவிடுவோம்.

முன்னெல்லாம் துடைக்கிறதுக்கு மீனெண்ணெயில் பதம்போட்ட ஆட்டுத்தோல். இப்போ மைக்ரோ ஃபைபர். தோலைத் தொட்டால் தீட்டு என்றவர்கள் வண்டியை அதே தோல் துடைத்தபோது ஒன்றும் சொல்லவில்லை.

அதே உப்புத் தண்ணிதான் எங்கள் தெருவிலும். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, குண்டான் அடியில் சுண்ணாம்பு படியும். "உன் வண்டிக்கு இருக்கிற மரியாதை என் அடுப்புக்கு இல்லையே" என்று என் வீட்டுக்காரி சிரிப்பாள். குடிக்க கேன் தண்ணி காசு கொடுத்து வாங்குகிறோம்.

ஷெட்டிலும் குடிக்க எங்களுக்கு போர் தண்ணிதான். ஆர்.ஓ. குழாய் ஆபீஸ் ரூமுக்குள். போன சித்திரையில் கேட்டோம். "அது வண்டிக்குடா, நீங்க உள்ளே வந்து வாய் வெச்சா நல்லாருக்குமா?" என்றார் முதலாளி.

வாய் வைப்பது என்ற சொல் எங்களுக்குப் புதுசில்லை. 1927 மார்ச் 20-ல் மகாட் சவுதார் குளத்தில் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான மக்களும் கையால் அள்ளிக் குடித்தார்கள். அந்தக் குளத்தை அப்புறம் சாணியும் கோமியமும் ஊற்றிச் 'சுத்தம்' செய்தார்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. அவர்கள் கணக்கில் சாணி சுத்தம், எங்கள் கை தீட்டு.

மறுநாள் ஒரு கறுப்புக் கேரவன் வந்தது. எங்களில் மூத்த அண்ணன் சொன்னார்: "இன்னிக்கு நாம குடிக்கிற தண்ணியிலயே அதுவும் குளிக்கட்டும்." முதலாளியிடம் நேராகவே சொன்னோம்: உள்ளே போகாத கை உள்ளே இருக்கிற தண்ணியையும் எடுக்காது. போர் தண்ணியிலேயே அலசி, வெயிலில் நிறுத்தினோம். பத்து நிமிஷத்தில் வண்டி முழுக்கத் தேமல் மாதிரி வெள்ளை பூத்தது. டிரைவர் கத்தினார். முதலாளி எங்கள் முகத்தைப் பார்த்தார். ஆறு பேரும் கை கட்டாமல் நின்றோம்.

இரண்டு நாள் கூலி போனது. மூன்றாம் நாள் பிளம்பர் வந்து வெளிச்சுவரில் ஒரு ஆர்.ஓ. குழாய் வைத்தார். வண்டிக்கு அலசுவதும் அதில்தான், நாங்கள் குடிப்பதும் அதில்தான்.

குழாய் வெளியில்தான் வந்திருக்கிறது. ஆபீஸ் ரூமுக்குள் நாங்கள் இன்னும் போகவில்லை. அடுத்தது அதைக் கேட்கப் போகிறோம்.