கல்வி விற்ற ஒன்பது மாதங்கள்

(முதுகலை வணிகவியல் மாணவன் ஒருவன்)

பட்டம் பெற்றபின் என்ன வேலை என்னும் கேள்வி நம் ஒவ்வொருவர் வீட்டிலும் எழுவதுதான். செங்கற்பட்டில் படித்த நம் நண்பர்கள் பலர் மறைமலைநகர்த் தொழிற்சாலைகளுக்கும், கேளம்பாக்கம், சிறுசேரிப் பக்கத்து அலுவலகங்களுக்கும் செல்கின்றனர். நானும் இளங்கலை முடித்த கையோடு, பழைய மகாபலிபுரம் சாலையில் கிளை வைத்திருந்த ஒரு பெரிய கல்வி நிறுவனத்தில் சேர்ந்தேன். அதன் பெயர் இங்கு வேண்டியதில்லை. அங்கே நான் கண்டவற்றை, நாளை அத்தகைய வேலைக்குப் போகக்கூடிய நண்பர்களுக்குச் சொல்வதே என் நோக்கம்.

நியமன ஆணையில் ‘கல்வி ஆலோசகர்’ என்று அச்சிட்டிருந்தார்கள். அம்மா அதை அக்கம்பக்கத்தில் எல்லாம் காட்டி மகிழ்ந்தார். ஆனால் வேலை ஆலோசனை சொல்வதன்று, விற்பது. பாடங்கள் பதிந்த டேப்லெட்டை ஆண்டுக்கு 42,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். காலையில் ஒரு பட்டியல் வரும். அதில் உள்ள பெற்றோர்களை ஒருவர் விடாமல் தொலைபேசியில் அழைக்க வேண்டும். மாலையில் வீடு வீடாகச் செல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்கு வேலை மிகுந்த நாள். அன்றுதானே தகப்பனார்கள் வீட்டில் இருப்பார்கள்! சம்பளத்தில் ஒரு பகுதி நிலையானது. மறுபகுதி விற்பனையைப் பொறுத்த ஊக்கத்தொகை. இலக்கை எட்டாதவர் பெயர் வாரக் கடைசியில் பலகையில் சிவப்பு மையில் ஏறும்.

உடன் வேலை செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்காக உழைத்தவர் ஒருவர். மதுராந்தகத்திலிருந்து நாள்தோறும் மின்சார ரயிலிலும் பேருந்திலும் வந்துபோன பெண் ஒருவர். எல்லாரும் நம்மைப் போல முதல் தலைமுறைப் பட்டதாரிகள். எங்களை அதட்டிய மேலாளருக்கும் அவருக்கு மேலே ஒருவர் இலக்கு வைத்திருந்தார்.

2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு நாள் மாமல்லபுரத்துக்குத் தெற்கேயுள்ள கொக்கிலமேட்டுக்குச் சென்றேன். அந்த வீட்டுக்காரர் காசிமேட்டில் விசைப்படகுத் தொழிலாளி. மகள் ஏழாம் வகுப்பு. டேப்லெட்டில் ஓடிய பாடப்படத்தைச் சிறுமி கண் கொட்டாமல் பார்த்தாள். மாதம் 3,500 ரூபாய், பன்னிரண்டு தவணை என்று விளக்கினேன். கடன் கொடுப்பது எங்கள் நிறுவனம் அன்று, வேறொரு நிதி நிறுவனம். வங்கிக் கணக்கிலிருந்து பணம் தானே போய்விடும் என்பதையும் சொன்னேன். அந்த அம்மா சற்று யோசித்துக் கேட்டார்:

“தம்பி, தடைக்காலத்துல ரெண்டு மாசம் இவரு கடலுக்குப் போக முடியாது. அப்பவும் பிடிப்பாங்களா?”

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலில் இறங்கா. எங்கள் படிவத்தில் வருமானத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. வருமானம் இல்லாத மாதங்களுக்குக் கட்டம் இல்லை.

“ஆமாம் அக்கா, மாசா மாசம் பிடிப்பாங்க. கணக்குல பணம் இல்லேன்னா அதுக்கு அபராதமும் உண்டு” என்றேன்.

“அப்ப வேணாம் தம்பி. மோர் குடிச்சிட்டுப் போங்க” என்றார்.

“தவணையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கலாமே!” என்று மறுநாள் மேலாளர் கடிந்துகொண்டார். அந்த வாரம் பலகையில் என் பெயர் சிவந்தது. அடுத்த மாதம் நான் விலகினேன்.

அன்று திரும்பும் வழியில், அதே குப்பத்தில் ஒரு திண்ணையில் ஏறத்தாழ இருபது பிள்ளைகளை உட்கார வைத்து ஓர் இளம்பெண் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ‘இல்லம் தேடிக் கல்வி’ தன்னார்வலர். கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுசெய்ய, 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் தமிழக அரசு தொடங்கிவைத்த திட்டம் அது. அவருக்கு மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய். அது போதாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எந்தப் பிள்ளைக்கு வகுத்தல் வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். எந்த வீட்டில் கடன் படிவம் முடியவில்லை என்பதுதான் எனக்குத் தெரியும்.

நான் இருந்த இடம் சிறிது. பெரிய இடத்தின் கதையை ஊரே அறியும். பெங்களூரைச் சேர்ந்த பைஜூஸ் நிறுவனம் 2022இல் 2,200 கோடி டாலர் பெறும் என்று மதிப்பிடப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் ஏறத்தாழ 2,500 பேரை வேலையிலிருந்து நீக்கப்போவதாக அறிவித்தது. நவம்பரில் கால்பந்து வீரர் மெஸ்ஸியைத் தன் தூதராக அறிவித்தது. பெற்றோரை வற்புறுத்தி விற்பதாக எழுந்த புகார்கள் குறித்து விளக்கம் கேட்டு, டிசம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் அதன் தலைவரை அழைத்தது. 2024இல் ஊழியர் சம்பளம் தாமதமாயிற்று. அவ்வாண்டு ஜூலை 16 அன்று, இந்தியக் கிரிக்கெட் வாரியத்துக்குத் தர வேண்டிய சுமார் 158 கோடி ரூபாய் நிலுவைக்காக, தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் அதன்மீது திவால் நடவடிக்கையைத் தொடங்க ஆணையிட்டது. கிரிக்கெட் வீரர்களின் சட்டையில் பெயர் பொறித்த நிறுவனம் அது. விளம்பரம் பெரிதாய் இருப்பதும் வேலை உறுதியாய் இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நண்பர்களே! இத்தகைய வேலைக்கே போகாதீர்கள் என்று நான் கூறவில்லை. நம் வீட்டு நிலைமை நம்மைத் தேர்ந்தெடுக்க விடுவதில்லை. ஆனால் கையெழுத்திடுமுன் கேளுங்கள்: நிலைச் சம்பளம் எவ்வளவு, ஊக்கத்தொகை எவ்வளவு? வருங்கால வைப்புநிதி உண்டா? வேலையை விட்டு நீக்கினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு? நீங்கள் விற்பதைக் கடனில் வாங்கும் குடும்பம் அதைத் திருப்பிக் கட்ட முடியுமா என்று கேட்க உங்களுக்கு அனுமதி உண்டா?

கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்று விடை வந்தால், பதவியின் பெயரில் கல்வி இருக்கலாம், வேலையில் இருக்காது. நாம் அரசுக் கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் படிக்கிறோம். நம் படிப்புக்கு ஊராரின் வரிப்பணமும் துணை நிற்கிறது. அந்த ஊராரின் வாசலில் போய் நிற்கும் நாளில், அவர்கள் கேட்பதற்கு நேரான பதிலைச் சொல்லும் துணிவாவது நம்மிடம் இருக்கட்டும்.