கட்டத்திற்குள் ஒரு கப்பல்

கட்டம் போட்ட துணி நெய்து நைஜீரியா வரை அனுப்பிப் பேர் பெற்றது நம் அனகாபுத்தூர். இவ்வூர்ப் பள்ளி மாணவியரான எங்களுக்கும் கட்டம் போடத் தெரியும், நோட்டின் கடைசிப் பக்கத்தில்! பத்துக்குப் பத்து கட்டம். நாலைந்து கப்பல்களை ஒளித்து வைப்போம். எதிரில் இருப்பவள் "சி ஏழு" என்றால் "தண்ணீர்" என்று சிரிப்போம். அல்லது முகம் வாடி, "மூழ்கிவிட்டது" என்போம். (இடைவேளையில் மட்டும்தான். சிஸ்டர் இதைப் படிப்பார்கள் அல்லவா!)

எங்கள் விளையாட்டில் ஒளித்த கப்பல் நகராது. உண்மையான நீர்மூழ்கியோ நகரும்; அதுவும் நம்மைத் தேடும். ஆழ்கடலில் வெளிச்சம் எட்டாது, ரேடாரும் பயன்படாது. செவி ஒன்றே துணை. போர்க்கப்பல் 'சோனார்' கருவியால் ஒலியை அனுப்பி, எதிரொலிக்குக் காத்திருக்கும். நீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். 4 விநாடியில் எதிரொலி வந்தால் நீர்மூழ்கி 3 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஆனால் கப்பல் அங்கே போய்ச் சேருவதற்குள் அது விலகிவிடுமே! எந்தப் பக்கம் விலகும் என்பதைக் கருவி சொல்லாது. எதிராளியின் மனத்தைத்தான் ஊகிக்க வேண்டும்.

அந்த ஊகத்தைப் பழகவே 1942-இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஓர் அறை அமைத்தார்கள். கேப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸ் தலைமையில் அதை நடத்தியவர்கள் கடற்படையின் பெண்கள் பிரிவினர். பலர் இருபது வயதையொட்டிய இளம்பெண்கள். தரைதான் கடல், சாக்பீஸ் கோடுதான் கப்பலின் பாதை. பயிற்சிக்கு வந்த அதிகாரிகள் திரைக்குப் பின்னிருந்து சிறு இடுக்கு வழியே மட்டும் பார்க்கலாம். நீர்மூழ்கியின் பாதை அவர்கள் கண்ணுக்குப் புலப்படாத பச்சை நிறத்தில் இருக்கும்.

ஜெர்மானிய நீர்மூழ்கிகள் கப்பல் கூட்டத்துக்கு வெளியிலிருந்தே தாக்குகின்றன என்று அதுவரை நம்பியிருந்தார்கள். ராபர்ட்ஸும், ஜீன் லெய்ட்லா, ஜேனட் ஓக்கெல் என்ற இரு பெண்களும் தரையில் ஆடிப் பார்த்தபோது வேறொன்று புலப்பட்டது. அவை இரவில் பின்புறமாக வரிசைக்குள்ளேயே நுழைந்து, சுட்டுவிட்டு, ஆழத்தில் பதுங்கிப் பின்தங்கிவிடுகின்றன! ஆகவே தேட வேண்டிய இடம் பின்னால்தான். இந்த உபாயத்துக்கு லெய்ட்லா வைத்த கேலிப் பெயர் 'ராஸ்ப்பெர்ரி'. சுமார் 5,000 அதிகாரிகள் அந்தத் தரையில் பாடம் கற்றார்கள். சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போடும் எங்களுக்கு இதைக் கேட்டுத் தலைகால் புரியவில்லை.

நம் கடலிலும் இந்த வேட்டை நடந்தது. 1971 நவம்பரில், நம் விமானந்தாங்கிக் கப்பல் 'விக்ராந்த்'தைத் தேடிப் பாகிஸ்தானின் 'காஸி' நீர்மூழ்கி வங்கக் கடலுக்குள் வந்தது. விக்ராந்தோ அந்தமான் பக்கம் போய்விட்டது. 'ராஜ்புத்' என்ற பழைய கப்பல், தானே விக்ராந்த் என்பதுபோல வானொலிச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தது. டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஸி மூழ்கியது. ராஜ்புத் போட்ட குண்டுகளால் என்கிறது நம் கடற்படை; உள்ளே நேர்ந்த வெடிப்பாலோ, தன் கண்ணிவெடியாலோ என்கிறது பாகிஸ்தான். எப்படியாயினும், உள்ளிருந்தவர் ஒருவரும் வீடு திரும்பவில்லை.

டிசம்பர் 9 அன்று டையூவுக்கு அப்பால், 'ஹங்கோர்' என்ற நீர்மூழ்கியை நம் 'குக்ரி'யும் 'கிர்பா'னும் தேடிக்கொண்டிருந்தன. வேகமாகப் போனால் சொந்த இரைச்சலே காதை அடைத்துவிடும். மெதுவாகப் போனால் டார்பிடோவுக்கு எளிய இலக்கு. குக்ரி மெதுவாகவே போயிற்று. ஹங்கோர் முந்திக்கொண்டது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்கவில்லை.

கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்ற அவர்களுக்குக் கல்லறை கிடையாது. டையூவில் கடலைப் பார்த்த ஒரு மேட்டில், கண்ணாடிக் கூண்டுக்குள் குக்ரியின் சிறிய மாதிரி ஒன்றை வைத்திருக்கிறார்கள்.