லண்டன் எவ்வளவு தூரம்?

"கிராணி ஐயா, லண்டன் எவ்வளவு தூரமுங்க?" என்று சென்ற மாதச் சம்பள நாளன்று எங்கள் தோட்டத்து மூதாட்டி ஒருவர் என்னைக் கேட்டார். அவருடைய மகன் அந்நகரில் தாதியாக வேலை பார்க்கிறார். அண்மையில் ஒரு பெண் குழந்தைக்குத் தந்தையானார். பேத்தியை ஒருமுறை பார்த்து வரவேண்டும் என்பது பாட்டியின் ஆசை.

கணக்கு என்றால் எனக்கு உற்சாகம் பிறந்துவிடும். கோலாலம்பூரிலிருந்து லண்டன் மாநகர் நேர்வழியே ஏறத்தாழ 10,600 கிலோமீட்டர். பழைய அளவில் 6,600 மைல் என்றேன். மணிக்கு 900 கிலோமீட்டர் பறக்கும் ஆகாய விமானம் 12 மணி நேரத்துக்குள் அங்குச் சேர வேண்டும். ஆயினும் ஏறத்தாழ 14 மணி நேரம் ஆகிறது. காரணம் யாது? ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைகிறது. உயர்வானில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பெருங்காற்றையும் எதிர்த்துச் செல்ல வேண்டும். அதனாலேயே திரும்பி வருங்கால் நேரம் மிச்சமாகிறது. அன்றியும், விமானம் எப்பொழுதும் நேர்வழியே செல்வதில்லை. 2022-இல் ரஷ்யப் படை உக்ரேனுக்குள் புகுந்தபோது அந்நாட்டு வானம் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. மண்ணில் மூண்ட பகை வானத்து வழியையும் வளைத்துவிட்டது!

இஃதும் பெரிதன்று. 1935-இல் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வழியாக ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகருக்குச் செல்ல பன்னிரண்டரை நாள் பிடித்தது. இன்றோ காலையில் கோலாலம்பூரில் ஏறுபவர், அவ்வூர்க் கடிகாரப்படி அன்று மாலையே லண்டனில் இறங்கலாம்.

"அவ்வளவுதானா! அப்படியானால் எனக்கும் ஒரு டிக்கெட் போட்டுக் கொடுங்க ஐயா" என்றார் மூதாட்டி.

"பாஸ்போர்ட் இருக்கிறதா அம்மா?" என்றேன்.

அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து, சிவப்பு அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். என் பேச்சு நின்றது.

அவர் 1960-ஆம் ஆண்டில் இத்தோட்டத்து லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்தவர். நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர். 1957 ஆகஸ்ட் 31-க்கும் 1962 அக்டோபருக்கும் இடையே மலாயாவில் பிறந்தோர் பிறப்பாலேயே குடிமக்கள் என்பது நாட்டுச் சட்டம். ஆயின் அவர் இங்குப் பிறந்தார் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. பிறப்பை ஒருவரும் பதியவில்லை. உரிமை இருந்தும் சான்று இல்லாததால், சொந்த நாட்டிலேயே அவர் அந்நியராக நிற்கிறார்.

யாரை நோவது? எங்கள் அலுவலகத்துப் பழைய பேரேடுகளைப் புரட்டிப் பார்த்தேன். அன்றன்று நிறுத்த பால் எடை பிழையின்றிப் பதியப்பட்டிருக்கிறது. எத்தனை பேர் வேலைக்கு வரவில்லை என்பதும் இருக்கிறது. லயத்தில் பிறந்த குழந்தையைப் பற்றி ஒரு வரி இல்லை. என் போன்ற கிராணிமார் எழுதிய ஏடுகள் அவை! ஜாதகம் கணிக்கப் பணம் கொடுத்த பெற்றோரும் பிறப்புப் பத்திரம் வாங்க ஒரு நாள் ஒதுக்கவில்லை.

சகோதரர்களே! உங்கள் இல்லத்தில் பிள்ளை பிறந்தால் சோதிடரைத் தேடுமுன் பதிவு அலுவலகத்துக்குச் செல்லுங்கள். படித்தவர்கள் தம் பக்கத்து வீட்டாருக்கு மனு எழுதிக் கொடுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மூதாட்டியின் பழைய பள்ளிச் சான்றைத் தேடவும், அவர் பிறப்பை அறிந்த முதியோரிடம் வாக்குமூலம் கேட்கவும் இருக்கிறேன். அவர் கையில் கடப்பிதழ் வந்து சேரும்வரை, அன்று நான் சொன்ன 14 மணி நேரக் கணக்கு தப்புக் கணக்கே.