தையல் டேப்பும் பெருவிடைச் சேவலும்

மார்ச் 3, ஞாயிறு

தொங்கு தராசின் ஸ்பிரிங் போய்விட்டது. வெறும் கொக்கியே 300 கிராம் காட்டுகிறது. இன்றைக்கென்று வியாபாரி வந்து நின்றார். பெருவிடைச் சேவலைக் காலைப் பிடித்துத் தூக்கி இரண்டு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டே முக்கா தேறுங்கக்கா" என்றார். கிலோ 400 ரூபாய் என்று கொடுத்தேன். அவர் போனபின் அத்தை சொன்னார்: "மூணேகாலுக்குக் குறையாது கண்ணு. தெனமும் தூக்கி அடைக்கிறவ நானு."

மார்ச் 4, திங்கள்

மளிகைக் கடைத் தராசு ஒரு மணி நேரத்துக்கு இரவல் கிடைத்தது. சிறுவிடைப் பெட்டை பத்தைப் பிடித்து, ஒவ்வொன்றையும் கூடையில் கவிழ்த்து நிறுத்தேன். தையல் டேப்பால் அளந்தேன். டேப்பை இறக்கைக்கு அடியில் விட்டு நெஞ்சைச் சுற்றி எடுக்க வேண்டும். இறகு அமுங்க வேண்டும், மூச்சு முட்டக் கூடாது. கை பழக நான்கு கோழி ஆயிற்று.

நெஞ்சுச் சுற்று 24 செ.மீ. என்றால் ஏறக்குறைய ஒரு கிலோ. 26 என்றால் 1,300 கிராம். 28 என்றால் 1,600. அப்படியானால் செ.மீ.க்கு 150 கிராம்!

கால் நீளம் ஏமாற்றியது. வளர்ந்த கோழிக்கு எலும்பு அதன்பின் நீளாது. சதை மட்டும் ஏறும், இறங்கும். கொழுத்ததும் இளைத்ததும் ஒரே கால் அளவில் நின்றன.

ஒரு பெட்டையைத் தீனிக்குப் பின் மறுபடி நிறுத்தேன். 70 கிராம் கூடுதல், எல்லாம் தீனிப்பையில். இனி காலையில், வெறும் வயிற்றோடுதான் நிறுக்க வேண்டும்.

விற்ற சேவலோடு கூடப் பொரித்த இன்னொரு சேவல் முருங்கை மரத்தில் ஏறிக்கொண்டு இறங்கவே இல்லை. தராசு கைமாறிப் போனது.

மார்ச் 6, புதன்

மரத்துச் சேவல் இன்று சிக்கியது. சுற்று 36 செ.மீ. என் கணக்குப்படி 2,800 கிராம். வியாபாரி சொன்னது கிட்டத்தட்ட சரி! அத்தையிடம் சொல்லவில்லை, முகத்தில் காட்டியிருப்பேன்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் மாட்டுக் கணக்கைச் சொன்னார். நெஞ்சுச் சுற்றை அதனாலேயே பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 10,840-ஆல் வகுத்தால் கிலோ; எல்லாம் செ.மீ.யில். கோழியிடம் அது எடுபடவில்லை. மாடு நின்ற இடத்தில் நிற்கும். கோழியோ இழுத்தால் நீள்கிறது, விட்டால் சுருங்குகிறது. நீளம் என்று எதை எழுதுவது?

மார்ச் 9, சனி

தராசு சரியாகி வந்தது. முதல் வேலையாக அந்தச் சேவலை மாட்டினேன். 3,400 கிராம்.

அரை மணி நேரம் நோட்டை முறைத்துக்கொண்டிருந்தேன். தப்பு எங்கே என்று மெல்லப் பிடிபட்டது. சிறுவிடைக்கு எழுதிய கணக்கை, நான் அளந்தே பார்க்காத உருவத்துக்கு நேர்கோடாக நீட்டியிருக்கிறேன். உடம்பு பெருத்தால் சுற்று மட்டுமா பெருக்கும்? நீளம், அகலம், கனம் மூன்றும் சேர்ந்து பெருக்கும். 36-ஐ 26-ஆல் வகுத்து, வந்ததை முப்படி ஆக்கினால் 2.65. அதை 1,300-ஆல் பெருக்கினால் 3,445. தராசுக்கு இது எவ்வளவோ பக்கம்.

இதையே எல்லா இனத்துக்கும் ஓட்டலாம் என்று நாளைக் கறிக்கு வாங்கிய பிராய்லரிடம் போனேன். சுற்று 30, கணக்கு 2 கிலோ சொன்னது, தராசு 2,200 சொன்னது. மார்புக் கறிக்காகவே வளர்த்தெடுத்த இனம்; இறகும் குறைவு. அதன் கால் சிறுவிடையின் காலைவிட நீளமில்லை. பெருவிடைக்கோ 13 செ.மீ. கால் பார்த்து எடை சொல்கிறவர் இரண்டிலும் ஏமாறுவார். கருங்கோழிப் பெட்டை மட்டும் சிறுவிடைக் கணக்குக்குள் அடங்கியது. ஜாபுவாவிலிருந்து வந்த இனம் என்றாலும் உருவத்தில் சிறுவிடைக்கு அது உறவு போல.

இனத்துக்கு ஒரு பக்கம் என்று நோட்டைப் பிரித்துவிட்டேன். குடற்புழு மருந்தும் எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். அதற்கும் இது உதவும்.

மார்ச் 10, ஞாயிறு

வியாபாரி வந்தார். மரத்துச் சேவலைத் தூக்கி ஆட்டி, "ரெண்டே முக்கா" என்றார். தராசைக் காட்டினேன். சிரித்துவிட்டு 3,400-க்குப் பணம் எண்ணினார். போன வாரச் சேவலும் இதே எடை என்றால் போனது 260 ரூபாய். ஸ்பிரிங் மாற்றிய கூலி 90.