காற்றுக்கு எதிரே ஒரு வளையம்

கல்லாவியில் புல் முளைத்தால் அதை ஆடு மேயும். அதன்மேல் பந்து உருண்டதில்லை. மாந்தோப்பும் புளியமரங்களும் மழையை நம்பிய நிலங்களுமாக அமைந்த எங்கள் ஊரில் கோல்ஃப் என்னும் ஆட்டத்தைப் பற்றிப் பேச எவருக்கும் தேவை நேர்ந்ததில்லை. பெங்களூரில் 1876ஆம் ஆண்டிலேயே அதற்கெனக் கழகம் ஒன்று தோன்றியதும், கொடைக்கானலில் 1895இல் மற்றொன்று எழுந்ததும் நாங்கள் அறுபது வயதைக் கடந்தபின் அறிந்த செய்திகள். ஓசூர்ப் பக்கங்கூட அதற்கு ஒரு மைதானம் உண்டு. அதன் வாயிலை நாங்கள் கண்டதில்லை. ஆயினும் இப்பொழுதெல்லாம் இரவு உணவு முடிந்ததும் நாங்கள் இருவரும் திண்ணையில் அமர்ந்து கோல்ஃப் ஆடுகிறோம், கைப்பேசியில்.

காரணம் எங்கள் மகன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. வாரத்துக்கு ஒரு ஷிப்டு. விடுமுறைக்கு வந்தால் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தபடி 'கோல்ஃப் கிளாஷ்' ஆடுவான். ஒரு நாள் அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தோம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இருவரும் நாணயங்களைப் பந்தயம் வைக்கிறார்கள். வென்றவர் அனைத்தையும் வாரிக்கொள்கிறார். "சூதாட்டமா நடக்குது நம்ம வீட்டுல?" என்று கேட்டுவிட்டோம். அவன் மறுமொழி கூறவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரிப் பேருந்தில் ஏறிவிட்டான். அதன்பின் நான்கு மாதம், மாதம் பிறந்தால் பணம் வந்தது, குரல் வரவில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் 'ஷிப்டு' என்று ஒற்றைச் சொல்லில் செய்தி அனுப்பினான்.

அவன் என்னதான் ஆடினான் என்று அறியாமலே தீர்ப்புச் சொல்லிவிட்டோமே என்னும் உறுத்தல் தைத் திங்களில் மிகுந்தது. அடுத்த வீட்டுப் பதினொன்றாம் வகுப்புச் சிறுவனை அழைத்து, அதே ஆட்டத்தை எங்கள் கைப்பேசியிலும் இறக்கித் தரச் சொன்னோம். அவன் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

இங்கிலாந்தின் பிளேடெமிக் நிறுவனம் 2017இல் வெளியிட்ட ஆட்டம் அது. அதில் வெல்லும் நாணயம் ஆட்டத்துக்குள்ளேயே செல்லும். பணமாக வெளியே வராது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமியற்றித் தடுத்த, பணம் கட்டிப் பணம் எடுக்கும் ஆட்டங்களின் இனம் அன்று. எனவே எங்கள் குற்றச்சாட்டு தவறு. முற்றிலும் தவறென்றும் நாங்கள் ஒப்பமாட்டோம். உள்ளே 'மாணிக்கம்' என்று சில கற்கள் உண்டு, அவற்றை வாங்க மெய்யான பணம் கேட்கும். தொடங்குவோர் அந்தக் கடைப்பக்கம் தலைகாட்டாமல் இருப்பதே நலம். நாங்கள் இன்றுவரை ஒரு ரூபாயும் கொடுத்ததில்லை.

முதல் வாரம் கையிருப்பு முழுவதும் போயிற்று. பந்தை விரலால் பின்னே இழுக்கவேண்டும். அப்பொழுது ஒரு முள் இடமும் வலமும் ஊசலாடும். அது நடுக்கோட்டைத் தொடும் கணத்தில் விரலை எடுக்கவேண்டும். முள்ளைத் துரத்தியவரை நாங்கள் தோற்றோம். கண்ணை நடுக்கோட்டிலேயே நிறுத்தி, முள் தானே அங்கு வரட்டும் என்று காத்திருக்கப் பழகியபின் பந்து நேரே போயிற்று.

அடுத்தது காற்று. திரையின் மேலே ஓர் அம்புக்குறியும் ஓர் எண்ணும் தெரியும். அதைப் பாராமல் அடித்தால், முள் நடுவில் நின்றாலும் பந்து மணற்குழியில்தான் விழும். பந்து விழவேண்டிய இடத்தைச் சுற்றி வளையங்கள் உண்டு. காற்று வரும் திசையை நோக்கி அவ்வளையக் கணக்கில் குறியை நகர்த்தவேண்டும். எத்தனை மைல் வேகத்துக்கு ஒரு வளையம் என்பது மட்டைக்கு மட்டை மாறும். இதற்கென ஒரு பழைய நோட்டில் கணக்கு எழுதிவைத்திருக்கிறோம். நெல் தூற்றிய கைகளுக்குக் காற்றுக் கணக்கு புதிதன்று என்று எண்ணியிருந்தோம், புதிதாகத்தான் இருந்தது.

மூன்றாவது, பேராசை. பந்தயத் தொகை மிகுந்த களங்கள் அடுத்தடுத்துத் திறக்கும். கையிலுள்ளதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே ஆட்டத்தில் வைப்பதில்லை என்று எங்களுக்குள் ஒரு விதி செய்தோம். பச்சைக்கு அருகில் வந்தபின் பந்துக்குப் பின்சுழல் கொடுத்தால் அது ஓடாமல் நிற்கும் என்பதையும் அந்தச் சிறுவன்தான் கற்பித்தான்.

ஸ்காட்லாந்தில் இளைஞர் வில்வித்தையை மறந்து கோல்ஃபிலேயே திளைக்கிறார்கள் என்று 1457இல் அந்நாட்டு அரசே அதைத் தடைசெய்ததாம். அச்செய்தியைப் படித்தபோது எங்களுக்குச் சற்று ஆறுதலாயிருந்தது. ஆட்டத்தைக் கண்டு அஞ்சிய பெரியவர்கள் நாங்கள் மட்டும் அல்லர். பெங்களூர்ப் பெண் அதிதி அசோக், 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் இதே ஆட்டத்தில் நான்காவதாக வந்ததையும் அதன்பின்னரே தேடிப் படித்தோம்.

ஒரு மாதம் கழித்துச் சிறுவன் எங்கள் முகநூல் கணக்கை அதில் இணைத்தான். நண்பர் வரிசையில் முதற்பெயர் எங்கள் மகன். பந்தயமில்லா நட்பாட்டத்துக்கு அழைப்பு அனுப்பிவிட்டு, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருந்தோம். இரவு பத்தரைக்கு ஏற்றுக்கொண்டான்.

அவ்வாட்டத்தில் எதிராளியோடு உரையாட ஆயத்தமான சில சொற்றொடர்களே உண்டு. நாங்கள் எழுத நினைத்தது எதுவும் அவற்றில் இல்லை. அவன் அடித்த முதல் பந்து கொடிக்கு அருகே நின்றது. 'நல்ல அடி' என்பதைத் தொட்டோம். சிறிது நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு, 'நன்றி'. அன்றிரவு ஐந்து ஆட்டம் ஆடி ஐந்திலும் தோற்றோம்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு, இரவு ஷிப்டு முடிந்து அறைக்குத் திரும்பும் வழியில், அழைத்தான்.

"அப்பா, அந்த நாலாவது ஆட்டத்துல காத்து பன்னெண்டு இருந்துச்சு. நீங்க ஒரு வளையந்தான் தள்ளுனீங்க."

அன்று சொன்ன சொல்லைப் பற்றிப் பேசத் தொடங்கினோம்.

"அது இருக்கட்டும்பா. அம்மாகிட்ட குடுங்க, அவங்கதான் கணக்கு எழுதறாங்களாமே? அந்த மட்டைக்கு எத்தனைன்னு சொல்றேன், எழுதிக்கட்டும்."

நோட்டைத் தேடினோம். பேனா அகப்படவில்லை. அவன் காத்திருந்தான்.