எழும்பூரில் ஏழு, சாந்தியாகோவில் சுழியம்

இந்திய ஹாக்கி அணிக்குப் புதிய பயிற்சியாளர் தேவை என்று செய்தி வரும்போதெல்லாம், மாத்தூரில் எங்கள் வாசகர் வட்டத்தில் நாவலும் கவிதையும் ஓரத்துக்குப் போய்விடும். எங்களில் பாதிப்பேர் மணலி ஆலைகளில் ஷிப்டு முடித்து வருகிறவர்கள். கீழைக்காற்று வீசினால் சுத்திகரிப்பு ஆலையின் வாடையும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். கிரிக்கெட்டை விட்டுவிட்டு ஹாக்கி பேசுகிற கூட்டம் என்று கேலி செய்வோர் உண்டு. செய்யட்டும்.

2007 செப்டம்பரில் ஆசியக் கோப்பை சென்னையில் நடந்தது. மூலக்கடை, பெரம்பூர் என்று பேருந்து மாறி எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். இறுதிப் போட்டியில் இந்தியா தென் கொரியாவை 7-2 என்று வீழ்த்தியது. கொரியர்களிடம் நம்மவர்கள் பட்ட பாட்டை முன்னர் பார்த்திருந்தவர்களுக்குத்தான் அந்த ஏழின் ருசி தெரியும். பயிற்சியாளர் ஜோகிம் கார்வாலோ. அந்த இடத்தில் வேறொருவரை நினைத்துப் பார்க்கவே அன்றிரவு எங்களால் முடியவில்லை.

ஆறே மாதம். 2008 மார்ச்சில், சிலியின் சாந்தியாகோ நகரில், பிரிட்டனிடம் 0-2 என்று தோற்றோம். 1928 முதல் ஒலிம்பிக் ஹாக்கியில் இடம் தவறாத அணிக்கு பெய்ஜிங்கின் கதவு மூடியது. கார்வாலோ விலகினார். அரையாண்டில் ஒரு மனிதரின் ஞானம் ஏழிலிருந்து சுழியத்துக்கு இறங்கிவிடுமா என்ன?

அவருக்கு முன் வாசுதேவன் பாஸ்கரன். நம் சென்னைக்காரர், 1980 மாஸ்கோவில் தங்கம் வென்ற அணியின் தலைவர். 2006 உலகக் கோப்பையில் அவர் பயிற்சியளித்த அணி பன்னிரண்டில் பதினோராவது இடம் பெற்றது. நம்மவர் என்பதால் எங்களுக்கு வலி கொஞ்சம் கூடுதல்.

தோல்விக்குத்தான் தண்டனை என்றால் புரிந்துகொள்ளலாம். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கித் தந்த எம்.கே. கௌசிக் உடனே கழற்றிவிடப்பட்டார். பதினாறு ஆண்டுகள் கழித்து, 2014 இஞ்சியோனில் அடுத்த தங்கம் வந்தது. சில வாரங்களில் டெர்ரி வால்ஷும் பெட்டியைக் கட்டிவிட்டார். 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கிற்குச் சில வாரங்களே இருக்கையில் ஜெர்மானியர் கெர்ஹார்ட் ராக்கைக் கொண்டுவந்தார்கள். மணமேடையில் மாப்பிள்ளையை மாற்றிய கதைதான், கிடைத்தது ஏழாமிடம்.

உள்நாட்டவரா, வெளிநாட்டவரா என்பதில் எங்களுக்குள் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் கிராமத்திலிருந்து வரும் பெண்ணுக்கு, கால்பகுதி இடைவேளையான இரண்டு நிமிடத்தில் ஆங்கிலம் எப்படி இறங்கும் என்று கேட்பார் வட்டத்தின் மூத்தவர். நல்ல கேள்வி. ஆனால் நெதர்லாந்துக்காரரான ஷூர்ட் மரைனேயை 2017இல் மகளிர் அணியிலிருந்து ஆடவர் அணிக்கு மாற்றி, 2018இல் ஹரேந்திர சிங்கோடு இடம் மாற்றி மறுபடி மகளிரிடமே அனுப்பினார்கள். அந்த மகளிர் அணிதான் 2021இல் டோக்கியோவில் நான்காவதாக வந்து நம்மை அழவைத்தது. மொழி மட்டுமே தடையென்றால் அது நடந்திருக்காது. அதே டோக்கியோவில் கிரஹாம் ரீடின் ஆடவர் அணி, 41 ஆண்டுகளுக்குப் பின் ஒரு பதக்கம், வெண்கலம், கொண்டுவந்தது. 2023 ஜனவரி உலகக் கோப்பையில் நியூசிலாந்திடம் ஷூட் அவுட்டில் தோற்றதும் அவரும் விலகினார். பிறகு வந்த தென்னாப்பிரிக்கர் கிரெய்க் ஃபுல்டனின் அணி 2024இல் பாரிஸில் மீண்டும் வெண்கலம் வென்றது.

ரீடுக்கும் ஃபுல்டனுக்கும் கிடைத்தது, கார்வாலோவுக்குக் கிடைக்காத ஒன்று: ஓர் ஒலிம்பிக் வரைக்குமான அவகாசம். ஆளைத் தேடுகிற குழு முதலில் காலத்தை எழுதிக்கொடுத்துவிட்டு, அப்புறம் பெயரை எழுதட்டும் என்பதே எங்கள் கட்சி.

இப்போது புதிய வழக்கொன்று சேர்ந்திருக்கிறது. 2024 டிசம்பரில் மீண்டும் தொடங்கிய ஹாக்கி இந்தியா லீகில் தமிழ்நாடு டிராகன்ஸ் நான்காமிடம் பெற்றபோது, பயிற்சியாளர் நெதர்லாந்தின் ரெய்ன் வான் ஐக். கோவில்பட்டிப் பையன்களிடம் தமிழில் அதட்டக்கூடிய ஒருவர் அங்கே தலைமைப் பயிற்சியாளராக வேண்டும் என்று எங்களில் மூவர் சொல்கிறார்கள். மற்றவர்கள், முதலில் அந்த ஊரில் இன்னும் நான்கு செயற்கைப் புல்தரை போடுங்கள் என்கிறார்கள்.