அம்புக்குறி

திருச்செங்கோட்டுச் சாலையோரங்களில் நிற்கும் ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். தந்தையார் அத்தகைய வண்டியொன்றில் துளையிடும் பணி செய்தார். காற்றழுத்தத்தால் இயங்கும் சுத்தியல் பாறையைப் பொடித்துக்கொண்டே இறங்கும். பொடி துளையின் வாய்வழியே புகையென மேலெழும். ஒவ்வொரு ராடு இறங்கியதும் ஒரு கைப்பிடிப் பொடியை எடுத்துத் தரையில் வரிசையாகக் குவித்து வைப்பார். ஒருநாள் விளையாட்டாக அக்குவியல்களைக் கலைத்துவிட்டேன். அடி விழும் என்று அஞ்சினேன். "எந்த ஆழத்துல வந்ததுன்னு தெரியலைன்னா அது வெறும் மண்ணுதான் கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

பல ஆண்டுகளுக்குப் பின், ஆய்வு மாணவனாக வங்கக் கடலில் ஒரு கப்பலில் இருந்தேன். கடலடியின் மேல்மண் மட்டும் வேண்டுமெனில் இரு தாடைகள் கொண்ட இரும்புக் கவ்வி போதும். பாறை வேண்டுமெனில் சங்கிலிப் பை கட்டிய இரும்புச் சட்டத்தைத் தரையோடு இழுப்பர். கயிறே இல்லாத கவ்வியும் உண்டு. பாரத்தோடு மூழ்கி, தரையைக் கவ்வி, பாரத்தை உதறிவிட்டு மிதவைகளின் துணையால் தானே மேலே வரும்! 1981 ஜனவரியில் கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தார் 'கவேஷணி' கப்பலில் சென்று மாங்கனீசு முண்டுகளை முதன்முதலாக எடுத்து வந்தனர். 1987இல் அவற்றைத் தேடும் முன்னோடி முதலீட்டாளர் என்னும் தகுதியை ஐ.நா. ஏற்பாட்டின்கீழ் இந்தியா பெற்றது.

மண்ணடுக்கு குலையாமல் வரவேண்டுமெனில் நீள்குழாய்தான் வழி. தலையில் நூற்றுக்கணக்கான கிலோ பாரம். உள்ளே பிளாஸ்டிக் குழாய். நுனியில் கூரிய விளிம்பு. அதற்குள் பூவிதழ் போன்ற உலோகத் தகடுகள். மண் நுழையும்போது இதழ்கள் விரியும். மேலே இழுக்கும்போது மூடிக்கொள்ளும். 1940களில் சுவீடன் நாட்டுக் குல்லன்பர்க் அதனுள் ஒரு பிஸ்டனைப் பொருத்தினார். நம்மூர் அடிபம்பில் தண்ணீர் ஏறுவதுபோல, அதன் உறிஞ்சலால் மேலும் நீண்ட மண்தண்டு கிடைத்தது.

அன்று குழாயை இறக்கி ஏற்றவே மூன்று மணிநேரமாயிற்று. கிடைத்த மண்தண்டை ஒரு மீட்டர்த் துண்டுகளாக அறுத்து மூடியிட்டோம். கப்பல் ஆடிய ஆட்டத்தில் ஒரு துண்டில் அம்புக்குறி இட மறந்தேன். இரு முனைகளும் ஒரே சாம்பல் நிறக் களிமண். எது மேல், எது கீழ்? ஆழ்கடலில் ஆயிரம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டரோ சில சென்டிமீட்டரோதான் மண் படியும். பல்லாயிரம் ஆண்டுகள் என் கையில் தலைகீழாயினவா, நேராக இருந்தனவா என்று சொல்ல யாருமில்லை. தலைமை ஆய்வாளர் கடிந்துகொள்ளவில்லை. அதைத் தனியே வைக்கச் சொன்னார்.

மற்றத் துண்டுகளை நெடுக்காகப் பிளந்தோம். ஒரு பாதி குளிரறைக்குச் சென்றது. மறுபாதியிலிருந்து எடுத்த மண்ணை 63 மைக்ரான் சல்லடையில் அலசி, எஞ்சிய நுண்ணுயிர் ஓடுகளை உருப்பெருக்கியில் எண்ணினோம். பண்டைய பருவமழையின் ஏற்றத்தாழ்வை அவற்றிலிருந்து கணிப்பர்.

விடுமுறையில் ஊர் திரும்பித் தந்தையாரிடம் அனைத்தையும் சொன்னேன். "அந்த ஒரு குழாய என்ன பண்ணுனீங்க?" என்றார். "அப்படியே கிடக்குதுங்கப்பா" என்றேன். அவர் குனிந்து, அடுத்த ராடின் பொடியை அள்ளி வரிசையில் வைத்தார்.